பொட்டு வைத்த காலண்டர்கள்

சிவகாசிக்குப் பக்கத்தில் பனையடிச்செவல் என்று ஓர் ஊர். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மூன்று வருடம் மருத்துவராக இருந்தேன். அந்த ஊர் நாகஜோதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு கூச்சம் வந்து பேனாவை மூடிவிடுவேன். நான் பார்த்திருக்க வேண்டியதை அவர் பார்த்தார் என்பதுதான் அந்தக் கூச்சம்.

நான் வேலையில் சேர்ந்த வருடம், ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் அவர் மகள் பிரீத்திகாவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். ஏழு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. நெபுலைசர் வைத்தோம். இருபது நிமிடத்தில் இழுப்பு அடங்கியது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"அடிக்கடி வருது டாக்டரம்மா."

"அடிக்கடின்னா? வாரத்துக்கு ஒண்ணா, மாசத்துக்கு ஒண்ணா? தேதி சொல்லுங்க."

"தேதியெல்லாம் யாரு பாத்தா..."

வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எரிச்சலோடு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் டின் அடிக்கிறேன் என்றார். மாதக் காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்துகிற வேலை.

"நாளெல்லாம் காலண்டரைத் தொடுறீங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டின தேதி தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அந்த முகம் ஞாபகம் வந்தது. பிறகு மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் வந்தார். பிள்ளைக்கு அன்றைக்கு இழுப்பு இல்லை. கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. மேசைமேல் விரித்தார். அச்சில் கலர் விலகி, கம்பெனியில் கழித்துப்போட்ட மாதக் காலண்டர். படத்தில் இருந்த முருகனுக்கு இரண்டு மூக்கு. கீழே தேதிக் கட்டங்களில் நாலு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இழுப்பு வந்த நாளு," என்றார். "பேனாவுல எழுதுனா பிள்ளைக கிறுக்கிருது. அதான் பொட்டு."

"நல்லது. இப்படியே வச்சிட்டு வாங்க," என்றேன்.

"எங்க தெருவுல இன்னும் பதினாறு பிள்ளைகளுக்கு இழுப்பு இருக்கு டாக்டரம்மா. எல்லா வீட்டுக்கும் ஒரு காலண்டர் குடுத்திருக்கேன். ஓனரு, வேஸ்டுதானே, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோன்னுட்டாரு. இழுப்புக்குச் சிவப்பு, வெறும் இருமலுக்குக் கருப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவுகளும் ஒட்டிருவாக."

எனக்கு அப்போதும் அது பெரிதாகப் படவில்லை. தெருப் பெண்கள் சேர்ந்து என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் அவர். அந்த நினைப்பும் எனக்குள் இருந்திருக்கும்.

பனையடிச்செவலில் கீழத்தெருவில் நாற்பத்தாறு வீடு. ஊருக்கு மேற்கே ஒரு வறண்ட ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி, முப்பத்தொரு வீடு. கீழத்தெருக்காரர்கள் காலனிக்குள் போவது அபூர்வம். நாகஜோதி போனார். அங்கே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பத்திரகாளி என்ற பெண்ணைப் பிடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் காலண்டர் கொடுத்தார்.

"எங்க பிள்ளைகளுக்கு இழுப்பே இல்லையே. எதுக்கு இது?" என்று பத்திரகாளி கேட்டிருக்கிறார்.

"இல்லைன்னாலும் மாட்டி வைங்க. இல்லைங்கறதும் தெரியணும்ல," என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இதைப் பத்திரகாளி பிற்பாடு என்னிடம் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோயைப் பற்றி ஆராய்கிறவர்கள் வருடக்கணக்கில் படித்துக் கற்றுக்கொள்கிற விஷயம் அது. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆவணி முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கன்வாடிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். உள்ளே கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி காலண்டர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு வரிசை கீழத்தெரு, ஒரு வரிசை காலனி. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கீழத்தெரு வரிசையில் சிவப்புப் பொட்டுகள் சிதறிக் கிடக்கவில்லை. ஆவணித் தாள்கள் எல்லாவற்றிலும் அதே கட்டங்கள். ஒரு வீட்டில் எட்டாம் தேதி சிவப்பு என்றால், பக்கத்து வீட்டில் எட்டு, அதற்கடுத்த வீட்டில் ஒன்பது. பிறகு ஐந்து நாள் ஒன்றுமில்லை. திரும்பப் பதினைந்து, பதினைந்து, பதினாறு. மழை வருவதுபோல ஊர்மேல் என்னவோ வந்து இறங்கிவிட்டுப் போயிருந்தது. காலனி வரிசை சுத்தமாக இருந்தது.

நான் நிலையத்துக்குத் திரும்பி, நெபுலைசர் வைத்தவர்கள் பெயரை எழுதும் நோட்டை எடுத்தேன். என் மேசை இழுப்பறையிலேயே இருந்த நோட்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளின் தேதிகளைத் தனியாக எழுதிப் பார்த்தேன். அதே நாட்கள். தினமும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு நாளும் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்ததில்லை.

என்ன வந்து இறங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் பகுதியில் புகைக்குப் பஞ்சமில்லை. பட்டாசுக் கம்பெனிகளில் கழிவு வெடிமருந்தை எரிப்பார்கள். கருவேல விறகில் கரிமூட்டம் போடுவார்கள். ஊராட்சிக் குப்பை எரியும். எல்லோரும் முதலில் பட்டாசுக் கம்பெனியைத்தான் நினைத்தார்கள். நினைத்ததும் பயந்தார்கள். பாதி வீடுகளுக்கு அங்கேதான் வேலை.

"கம்பெனியக் கைகாட்டுனா நாளைக்கு உலைக்கு என்ன போடுவ?" என்று ஒரு பெண் கேட்டார்.

"யாரையும் கைகாட்ட வேணாம் யக்கா. இன்னும் மூணு காலண்டர் மாட்டுவோம்," என்றார் நாகஜோதி.

ஒன்றில் பட்டாசுக் கம்பெனியில் எரித்த நாள், ஒன்றில் கரிமூட்டம் போட்ட நாள், ஒன்றில் குப்பை எரிந்த நாள். அங்கங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்லச் சொல்லப் பொட்டு ஒட்டினார்கள். இரண்டு வாரம் பார்த்தும் எதுவும் பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனியில் எரித்தார்கள். பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை இழுப்பு இல்லை. கரிமூட்டம் ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் புகையும். பொட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி அதற்கு ஒத்துவரவில்லை.

பொருந்தியது நாகஜோதி வீட்டுச் சுவரிலேயே இருந்தது.

அவர் கணவர் சிவபாண்டி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அச்சகங்களில் மிஞ்சுகிற கழிவை ஏற்றிக்கொண்டு போய் ஓடைக்குள் ஆண்டிச்சாமி என்பவர் வைத்திருந்த கழிவு குவிக்கிற கொட்டடியில் இறக்குவார். லோடு போன நாளைக் காலண்டரில் பென்சிலால் 'லோ' என்று குறிப்பார். ஒரு நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி, ஆணி விழுந்துவிட்டதென்று பிள்ளையின் காலண்டரை எடுத்துக் கணவரின் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பியவர், மறுபடியும் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு 'லோ'வுக்கும் அடுத்த கட்டத்தில் சிவப்புப் பொட்டு.

தோசை கருகுகிற வாடை வந்த பிறகும் அவர் அடுப்பை அணைக்கவில்லை. சிவபாண்டிதான் வந்து அணைத்தார்.

"என்ன ஜோதி?"

"ஏங்க, நீங்க இறக்குற வேஸ்ட ஆண்டிச்சாமி என்ன செய்வாரு?"

"பேப்பரக் கட்டி மில்லுக்கு விப்பாரு. இந்த லேமினேஷன் பிலிம் இருக்குல்ல, அட்டைமேல ஒட்டுற கண்ணாடித்தாளு, அதை யாரும் வாங்க மாட்டாக. மறுநா விடியக்காலம் தீ வச்சிருவாரு. ஏன்?"

நாகஜோதி சுவரைக் காட்டினார். சிவபாண்டி விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போனார். இரண்டு மாதத்தையும் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். பிரீத்திகா அந்த நேரம் பல் துலக்கிக்கொண்டிருந்தாள் என்று நாகஜோதி சொன்னார். "எம் பிள்ளைக்கு நானே கொண்டாந்து போட்டிருக்கனா" என்று சிவபாண்டி ஒரே ஒரு தடவை கேட்டாராம். சாயங்காலம் ஒரு டைரியைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். தை மாதத்திலிருந்து அவர் ஓட்டிய ஒவ்வொரு லோடும் தேதியோடு அதில் இருந்தது.

அதை வைத்து என் நோட்டைத் திரும்பப் பார்த்தோம். வைகாசியிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுபத்தெட்டு தடவை நெபுலைசர் வைத்திருந்தோம். அதில் அறுபத்தொன்று, லோடு இறங்கிய இரண்டு நாளுக்குள்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். நாகஜோதி எழுந்து காலண்டர்களை விரித்துக் காட்டினார். கூட்டம் முணுமுணுத்தது. ஆண்டிச்சாமியும் வந்திருந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு.

"மேகாத்து காலத்துல பிள்ளைகளுக்கு இழுப்பு வரத்தான் செய்யும். நான் எரிக்காத காலத்துலயும் வந்துச்சு. காத்துல வர்ற தூசிக்கு நானா பொறுப்பு?" என்றார்.

ஆனியில் தொடங்கி மேற்கேயிருந்து அடிக்கிற காற்றைத்தான் அங்கே மேகாத்து என்பார்கள். பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அப்போது சிவபாண்டி எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "அந்த வேஸ்டு என் வண்டியிலதான் போச்சு," என்றார். "என் மகளுக்கும்தான் இழுக்குது. நான் சொல்றது அம்புட்டுதான்."

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. போதுமான ஆதாரம் இல்லை என்று தலைவர் ஒத்திவைத்தார். மறுநாளே கழிவு ஏற்றுகிற ஏஜெண்டு சிவபாண்டியை நிறுத்திவிட்டு வேறு வண்டி வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் சிவபாண்டி சாத்தூரிலிருந்து வெள்ளரிக்காய் மூட்டை ஓட்டினார்.

நாகஜோதி மனம் தளர்ந்திருப்பார் என்று நினைத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தில் தளர்ச்சி இல்லை. ஆண்டிச்சாமி கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"காத்துதான் காரணம்ங்கிறாரு. சரி, ஐப்பசியில காத்து திரும்பிரும்ல டாக்டரம்மா? வாடைக்காத்து வடகிழக்கேருந்து வரும். ஓடையில எரிச்சா புகை காலனிப் பக்கம் போகும். மேகாத்துத் தூசியால வர்ற நோய்னா காலனியில ஒண்ணும் வரக்கூடாது. புகையால வர்றதுன்னா..."

அவர் முடிக்கவில்லை. அதன் மறுபாதி எங்கள் இருவருக்கும் புரிந்தது. காலனிப் பிள்ளைகளுக்கு நோய் வந்தால்தான் உண்மை தெரியும்.

இருவருமாகக் காலனிக்குப் போய்ப் பத்திரகாளியிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

"எம் பிள்ளைகளுக்கு வரும்னு தெரிஞ்சே காத்திருக்கச் சொல்றீகளா?"

நாகஜோதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. முதலில் ஆண்டிச்சாமியிடம் போய் எரிக்க வேண்டாம் என்று கேட்போம் என்றார். மூன்று பேரும் போனோம். அவர் கேட்கவில்லை. மலை மாதிரிக் குவிந்து கிடந்த பிலிமைக் காட்டி, "இதை எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்றீக?" என்றார். பத்திரகாளி அந்தக் குவியலைப் பார்த்தபடியே நின்றார். திரும்பி வரும் வழியில், "ஒட்டுவோம் மதினி. ஆனா பிள்ளைகளப் பாத்துக்கிறணும்," என்றார்.

இழுப்புக்கான மருந்தையும் அதை உறிஞ்சுகிற குழலையும் நான் முன்கூட்டியே காலனியில் கொடுத்து வைத்தேன். லோடு இறங்குவதைக் கண்டால் கீழத்தெருவிலிருந்து தகவல் போகும்; மறுநாள் விடியற்காலையில் காலனியில் கதவு ஜன்னலை அடைத்து, பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். இரண்டு தெருவும் அப்படி ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டது அந்த ஊரில் அதற்குமுன் நடந்ததில்லை என்று சிவபாண்டி சொன்னார்.

தீபாவளி வந்தது. தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் அடைத்துக் கிடந்தன. காற்று திரும்பியது. மழைக்கு நடுவே ஐந்து நாள் ஓடையில் தீ எரிந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில் திரும்பவும் அங்கன்வாடியில் கயிறு கட்டினார்கள். இந்தத் தடவை நானும் தொங்கவிட உதவினேன். மூன்று மாதம் பொட்டே இல்லாமல் இருந்த காலனித் தாள்களில், பதினாலு வீட்டில் சிவப்பு. எரித்த ஐந்து நாளும், அதற்கு மறுநாளும். கீழத்தெருத் தாள்கள் வெறுமையாக இருந்தன. காற்று திரும்பியதும் பொட்டுகள் அத்தனையும் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தன.

ஊரின் மூச்சை ஒரே இடத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. பொட்டில்லாத தாளை, ஏன் என்று தெரியாமலேயே, மாதாமாதம் மாற்றி மாட்டி வைத்திருந்த காலனிப் பெண்களைப் பார்த்தேன். அந்த வெறும் தாள்கள் இல்லாவிட்டால் இந்தப் பொட்டுகளுக்கு அர்த்தமே இல்லை. கைகூப்ப வேண்டும் போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். இரண்டு தெருவிலிருந்தும் முப்பத்தேழு பெண்கள் பஸ் ஏறிப் போனார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மனு கொடுக்கிற கூட்டம் அலைமோதியது. உள்ளே எல்லாத் தாளையும் விரிக்க இடமில்லை என்று, வெளியே இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கயிறு கட்டினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். முதலில் வேகமாக நடந்தவர், மூன்றாவது தாளில் நின்றார். பிறகு முதல் தாளுக்குத் திரும்பிப் போய், கடைசி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

"இதை எந்த நிறுவனம் செஞ்சு கொடுத்தது?"

"நாங்கதான் சார்," என்றார் நாகஜோதி.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

அவர் என்னைக் காட்டினார். "இந்த டாக்டரம்மாதான், தேதி தெரியாதான்னு கேட்டாக."

எனக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போலிருந்தது. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றியோடு சொன்னார்.

பத்து நாளில் ஓடைக்கு ஆட்கள் வந்து பார்த்தார்கள். எரிக்கத் தடை வந்தது. ஆனால் நாகஜோதி அதோடு விடவில்லை. எரிக்காத பிலிம் எங்கே போகும் என்று ஆண்டிச்சாமி கேட்டது அவருக்கு மறக்கவில்லை. தன் கம்பெனி ஓனரிடம் போய்க் கேட்டார். அவர் மற்ற அச்சகக்காரர்களைக் கூட்டிப் பேச, அதிகாரியும் வந்தார். பிலிமை அச்சகத்திலேயே தனியாகப் பிரித்து வைப்பது, அதை அழுத்திக் கட்டி, உலையில் எரிபொருளாகப் போட்டுக்கொள்கிற சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது என்று முடிவானது. கட்டுகிற இயந்திரம் ஆண்டிச்சாமியின் கொட்டடிக்கே வந்தது. லோடு ஓட்டச் சிவபாண்டியைக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் ஆண்டிச்சாமி என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு வருசமா இழுக்குது டாக்டரம்மா. வெளிய சொல்லல," என்றார். அந்தப் புகைக்கு மிகப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவர் வீட்டுக்கு மட்டும் யாரும் காலண்டர் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த ஆனி வந்தது. மேல்காற்று தொடங்கியதும் எனக்கு உள்ளூர பயம். கூடுதலாக மருந்து வாங்கி வைத்தேன். இரண்டாவது நெபுலைசரைச் சரிபார்த்து வைத்தேன். ஆனி முடிந்து ஆடி பிறந்தது. காற்று மண்ணை அள்ளி வீசியது. போன வருடம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை எழுபத்தெட்டு தடவை நெபுலைசர் வைத்த இடத்தில் அந்த வருடம் பதினெட்டுதான். முழுக்க நிற்கவில்லை. பிரீத்திகாவுக்கே பனிக்காலத்தில் இரண்டு தடவை வந்தது. இழுப்பு நோய்க்கு ஒரே காரணம் கிடையாது என்று நாகஜோதியிடம் சொன்னேன். "தெரியும். மிச்சத்தையும் பாப்போம்," என்றார்.

ஆடியில் ஒரு நாள் அந்த ஊர் வழியாகப் போனேன். வேலிக்கருவை மரங்கள் கிழக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. பள்ளி விட்ட நேரம். கீழத்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளுமாக ஓடைக்கரையில் காற்றுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். பிரீத்திகா ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். பழக்கத்தில் நான் அவள் விலாவைப் பார்த்தேன். சாதாரண மூச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் ஓடினாள்.